பழைய நிலப்படத்தில் வாய்க்காலைத் தேடுவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

காணாமல்போன வாய்க்கால், குளங்களை மீட்கக் கோரும் மனுக்களில் இந்திய நில அளவைத் துறையின் பழைய ஒரு அங்குல நிலப்படத்தை இணைப்பது நல்ல வழக்கம். கும்பகோணமும், காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடைப்பட்ட வயல்களும் 58 என்/5 என்ற தாளில் வருகின்றன. ஆனால் படத்தின் அளவை மறந்து மனு எழுதினால் நியாயமான கோரிக்கையும் அடிபட்டுப் போகும்.

மைலுக்கு ஒரு அங்குலம் என்றால் 1:63,360. தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 63 மீட்டர். ஏறக்குறைய 6 ஏக்கர் பரப்புள்ள மகாமகக் குளமே இரண்டரை மி.மீ. கட்டம்தான். 3 மீட்டர் அகல வாய்க்காலை அளவுப்படி வரைந்தால் கண்ணுக்கே தெரியாது. அதனால் தடித்த கோடாகப் போட்டிருப்பார்கள். 0.2 மி.மீ. கோடு தரையில் 13 மீட்டரை மூடிவிடும். வாய்க்கால் இருந்தது, எங்கே பிரிந்து எந்த ஊர் வழியே போனது என்பதற்கு அது சாட்சி. அகலத்துக்கும் எல்லைக்கும் அல்ல. அதற்குக் கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு புல எண்ணின் அளவுகளையும் காட்டும் படம்), அ-பதிவேடு (புல எண்வாரியாக நிலத்தின் வகையும் பரப்பும் உள்ள வருவாய்ப் பதிவேடு) மூன்றும் வேண்டும்.

செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தும்போதுதான் அதிகம் சறுக்குகிறது. கைபேசியில் எடுத்த படம் ஓரங்களில் வளையும். தட்டையாக வைத்து 400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளி தரையில் 4 மீட்டர். 5 நிமிட (ஒரு பாகையில் 60 நிமிடம்) இடைவெளியில் உள்ள இரண்டு அட்சக்கோடுகளுக்கு நடுவே அளவுகோல் வைத்துப் பாருங்கள்: 14.5 செ.மீ. வர வேண்டும். குறைந்தால் தாள் சுருங்கியிருக்கிறது. படத்தைப் பொருத்த நான்கு மூலைகள் போதாது, உள்ளேயும் புள்ளிகள் குறிக்க வேண்டும். மென்பொருளில் எவரெஸ்ட் கோளம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கை ஒட்டிய காளியான்பூர் ஆதாரத்தை (இந்தப் படங்களின் அட்ச, தீர்க்கக் கோடுகளுக்கு அடிப்படை) தேர்ந்தெடுக்காமல் ஜி.பி.எஸ். ஆதாரத்திலேயே மூலைகளைப் பதிந்தால் எல்லாமே 100 மீட்டருக்கு மேல் நகரும். சம்பந்தமே இல்லாதவர் வீட்டுக்குள் வாய்க்கால் ஓடும்! சரிபார்க்கக் கோயில் குளத்தின் மூலை, ரயில் பாதையைச் சாலை கடக்கும் இடம் ஆகியவை நம்பகமானவை. ஆற்றங்கரை வேண்டாம், அது இடம் மாறும்.

டெல்டா சமவெளி. 50 அடி உயரத்துக்கு ஒன்றாக வரையும் சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது) இங்கே அரிதாகவே குறுக்கிடும். நீரோட்டத் திசைக்கு ஆங்காங்கே அச்சிட்ட உயரப் புள்ளிகளையே பார்க்க வேண்டும். வற்றும் குளம் நீல நிறமின்றி வெறும் கோடாக இருக்கும். அதை மேட்டு நிலம் என்று வாதிடுவது தவறு.

அச்சான ஆண்டும் அளந்த ஆண்டும் ஒன்றல்ல. அளந்து பல ஆண்டுகள் கழித்தும் மறுபதிப்புகள் வந்தன. 1934-இல் மேட்டூர் அணை வருமுன் அளந்ததா, பின்பா என்பது பாசன வாய்க்கால்களுக்கு முக்கியம். ஓரக்குறிப்பில் இருக்கும் அளவை ஆண்டையும் தாள் எண்ணையும் மனுவில் தவறாமல் எழுதுங்கள். பழைய கிராம வரைபடங்களை வட்டாட்சியர் அலுவலகங்களில் மக்கள் பார்வைக்கு வைக்க வருவாய்த் துறை முன்வர வேண்டும்.

– நில அளவை அறிந்த வாசகர்கள், கும்பகோணம்