உம்கேனி ஆற்றுப் பாலத்தில் அறுவரின் பெயர்கள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1917ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரின் உம்கேனி ஆறு கரையுடைத்து, அதன் கரையிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளியில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்துவந்த நம் இந்தியக் குடும்பங்களைச் சூழ்ந்துகொண்டது. அப்போது மீனவரான மாரிமுத்து படவட்டனும் தோழர் ஐவரும் படகை வெள்ளத்தில் இறக்கி, மீண்டும் மீண்டும் போய்வந்து, 176 பேரைக் கரைசேர்த்தார்கள். 'படவட்டன் அறுவர்' என்று அவர்களை இன்றும் போற்றுகிறோம். அவர்களுக்கு அந்த ஆற்றின் பாலத்திலேயே ஒரு கல்வெட்டு அமைய வேண்டும் என்று வேண்டியே இதை எழுதுகிறேன்.

சென்ற பெருமழையின் மறுநாள் அந்த ஆற்றின் மேலுள்ள கானாட் பாலத்தின் நடைபாதையில் சிறிது நேரம் நின்றிருந்தேன். செம்மண் கரைந்த தண்ணீரில் நாணல் புதர்கள் வேரோடு வந்தன. ஒரு வாழைமரம் சுழன்று சுழன்று வந்து தூணில் மோதியபோது, கைப்பிடிக் கம்பியைப் பற்றியிருந்த என் உள்ளங்கை வரை அந்த அதிர்வு ஏறியது. கரைவலை இழுத்த என் மாமா, கடலலைக்கு ஒரு கணக்கு உண்டு, எண்ணிப் பார்த்துப் படகை இறக்கலாம், ஆற்று வெள்ளத்துக்கு அந்தக் கணக்கே கிடையாது என்பார். அப்படிப்பட்ட நீரில், துடுப்பை நம்பி, ஒருமுறை தப்பி வந்த பின்னும் திரும்பத் திரும்ப உள்ளே போனார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அதே 1917இல், பிப்ரவரி 21ஆம் நாள், ஆங்கிலக் கால்வாயில் மெண்டி என்ற கப்பல் மூழ்கி, நம் நாட்டுக் கறுப்பினத் தொழிற்படையினர் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் கடற்படை ஒரு போர்க்கப்பலுக்கு மெண்டி என்று பெயரிட்டது. 1917இல் மூழ்கிய மெண்டியில் உயிர்நீத்த ஐசக் டியோபா, இரண்டாம் உலகப் போரில் லிபியாவின் டோப்ருக் துறைமுகத்தில் பால் டின்னில் வெடிமருந்து அடைத்து ஜெர்மன் கப்பலைத் தகர்த்த ஜோப் மசேகோ ஆகியோரின் பெயர்களையும் கப்பல்களுக்குச் சூட்டியது. இவர்களில் ஒருவரும் கடற்படைச் சீருடை அணிந்தவரல்லர். நீரில் காட்டிய வீரத்துக்குச் சீருடை தேவையில்லை என்று நாடே ஒப்புக்கொண்ட பிறகு, நம் மீனவர் அறுவருக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் பாலம் என்று கேட்கலாம். அந்நாளில் நம்மவர் வலையிழுத்த கரைகளில் பல இன்று துறைமுகத்துக்குள் அடங்கிவிட்டன. தோட்டங்கள் இருந்த சமவெளியில் இப்போது கடைத்தொகுதிகளும் வண்டி நிறுத்துமிடங்களும் நிற்கின்றன. 1976இல் அங்கே மறுபடியும் வெள்ளம் புகுந்து, வீடிழந்தவர்கள் டர்பனின் ஃபீனிக்ஸ் குடியிருப்பில் குடியேற்றப்பட்டார்கள். ஆறு ஒன்றுதான் இடம் மாறவில்லை. இருக்கும் பெயரை நீக்கும்படி நான் கேட்கவில்லை. கானாட் கோமகனின் பெயர் பாலத்துக்கு இருந்துவிட்டுப் போகட்டும். ஆற்றின் மேற்புறத்தைப் பார்த்த நடைபாதையில், வேலைக்கு நடந்து போகிறவர் நின்று படிக்கும் உயரத்தில், சூலு, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் கல்வெட்டு இருந்தால் போதும்.

ஆனால் கல்லில் ஆறு பெயர்களும் முழுமையாக இருக்க வேண்டும். 'அறுவர்' என்று சொல்லிச் சொல்லியே ஐவரை மறந்துவிட்டோம். நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாகப் பதிந்த ஏடுகளில் நம் பெயர்கள் எப்படியெல்லாம் சிதைந்தன என்பது எல்லோரும் அறிந்தது. படவட்டன் என்ற பெயரே படகைக் குறிக்கும் 'படவு' என்னும் நம் சொல்லை நினைவூட்டுகிறது. அதைத் தமிழில் எப்படி வெட்டுவது என்று குடும்பத்தாரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அந்த ஆறு குடும்பங்களின் வழிவந்தவர்கள் தங்கள் பெயர்வழக்கையும் வீட்டில் உள்ள படங்களையும் அனுப்பும்படி தங்கள் நாளிதழ் ஒரு அறிவிப்பு வெளியிட்டால், வருவனவற்றைத் தொகுத்து நகராட்சிக்கு மனு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்