வராத நோயாளிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொது மருத்துவமனைகளுக்கான நிதியைச் சிகிச்சை பெற்றவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பகிர்வதே நியாயம் என்று சென்ற இதழின் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். கேட்பதற்கு இது நேர்மையான கணக்காகவே தோன்றுகிறது. ஆனால், கிராமப்புற, வட்டார மருத்துவமனைகளுக்கும் இதையே பொருத்தினால், ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வு ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டேதான் போகும்.

சிறிய மருத்துவமனையில் ஓர் இரவில் ஒரே ஒரு பிரசவம் நடந்தாலும், ஒன்றுமே நடக்காவிட்டாலும், மருத்துவரும் செவிலியர்களும் பணியில் இருந்தாக வேண்டும். ரத்தம் இருப்பில் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். இந்தச் செலவு பெரிய மருத்துவமனையில் பல ஆயிரம் பேருக்குப் பங்கிடப்படுகிறது, சிறியதில் சில நூறு பேருக்கு. அதனால் தலைக்கு ஆகும் செலவு கூடுதலாகத் தெரிவதைத் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்வது சரியல்ல. தீயணைப்பு நிலையத்துக்கு, அணைத்த தீயை எண்ணியா சம்பளம் கொடுக்கிறோம்?

இதைவிடக் கவலை தருவது பதிவேடு செய்யும் வேலை. மயக்க மருந்து நிபுணர் இல்லாத மருத்துவமனையிலிருந்து, அறுவைச் சிகிச்சை தேவைப்படும் கர்ப்பிணிகள் நகரத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். சிகிச்சை நகர மருத்துவமனையின் கணக்கில் ஏறுகிறது. அடுத்த ஒதுக்கீட்டின்போது அங்கே தேவை அதிகம், இங்கே குறைவு என்று அதே கணக்கு சாட்சி சொல்கிறது. பயணச் செலவுக்கும் கூலி இழப்புக்கும் அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்டவர்களோ எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வசதி இல்லாததால் வராதவர்கள், நோயே இல்லாதவர்களாகிவிடுகிறார்கள்.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட சிக்கல் அல்ல. நல்ல மருத்துவம் எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பதை, வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர் கிராமமொன்றில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-லேயே எழுதினார். இங்கிலாந்தில் 1948-இல் பொது மருத்துவச் சேவை தொடங்கிய பின்னும் நெடுங்காலம், முந்தைய செலவை ஒட்டியே வட்டாரங்களுக்குப் பணம் போயிற்று. 1976-இல் வெளியான அரசுப் பணிக்குழுவின் அறிக்கைதான் மக்கள்தொகை, வயது, பாலினம், இறப்பு விகிதம் ஆகியவற்றைக் கொண்டு தேவையை அளக்கச் சொன்னது. லண்டன் பகுதியின் பங்கு குறையும் என்பதால் எதிர்ப்பு எழுந்தபோதும், அந்த முறை நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் நோயாளிக் கணக்குப்படி பணம் தரும் முறை 2012-இல் நாடு முழுவதற்கும் வந்தபோதுகூட, சிறிய கிராமப்புற மருத்துவமனைகளுக்கு மொத்தத் தொகையாகத் தருவது தனியே வைத்துக்கொள்ளப்பட்டது. நோயாளிக் கணக்கை ஆதரிப்பவர்கள் இந்த விதிவிலக்கை மட்டும் ஏனோ சொல்வதில்லை.

எல்லா ஊரிலும் இதய அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது போன்றவை பெரிய மையங்களில் குவிந்திருப்பதே நோயாளிக்குப் பாதுகாப்பு. பணம் ஒதுக்கினால் மட்டும் போதும் என்பதும் இல்லை. கிராமங்களில் உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாழ்ந்தும், மருத்துவர்களில் கால் பங்குக்கும் குறைவானவர்களே அங்கே பணியாற்றுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் சுட்டிக்காட்டியது. நிரப்பப்படாத பணியிடத்துக்கான சம்பளப் பணம் ஆண்டு முடிவில் செலவாகாமல் திரும்பிப் போனால், ‘கொடுத்ததையே செலவழிக்கவில்லை’ என்ற பழியும் அந்தச் சிறிய மருத்துவமனையின் மீதே விழும். ஆகவே குடியிருப்பு, குடும்பத்தினருக்கான வசதி, மேற்படிப்பில் முன்னுரிமை ஆகியவற்றுக்கான செலவையும் மருத்துவமனை நிதியின் பகுதியாகவே கருத வேண்டும்.

தங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவமனைவாரியான செலவுப் பட்டியலை வெளியிடும்போது, நோயாளிகள் எங்கே சிகிச்சை பெற்றார்கள் என்பதோடு, எந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள் என்ற விவரத்தையும் அரசிடம் கேட்டுப் பெற்று, இரண்டையும் அருகருகே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்