கதவுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அம்மா,

நேற்றிரவு ஒரு கவிதை படித்தேன். போனில் இதையெல்லாம் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் எழுதியது, ‘ஹேங்கிங் ஃபயர்’. விசையை இழுத்த பிறகும் துப்பாக்கி வெடிக்காமல் தாமதிக்குமே, அதற்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர். பேசுகிறவள் 14 வயதுப் பெண். தன் தோலே தனக்குத் துரோகம் செய்துவிட்டது என்கிறாள். முழங்கால் ஏன் எப்போதும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, விடிவதற்குள் செத்துப்போனால் என்ன ஆகும், அடுத்த பார்ட்டிக்குள் ஆடக் கற்றுக்கொள்ள வேண்டுமே என்று ஒரே மூச்சில் கவலைப்படுகிறாள். முழங்காலும் சாவும் அவளுக்கு ஒரே எடைதான். என் முகப்பருவும் அப்படித்தான் இருந்தது அம்மா, உனக்கு நினைவிருக்கிறதா?

பள்ளிக் கணக்கு அணியில் தான்தான் இருந்திருக்க வேண்டும், அதில் இருந்த பையனைவிடத் தனக்கே மதிப்பெண் அதிகம் என்று ஓரிடத்தில் சொல்கிறாள். அதற்குமேல் கொஞ்ச நேரம் படிக்க முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் வினாடி வினாப் போட்டிக்கு என்னை விட்டுவிட்டு, என்னைவிடக் குறைவாக வாங்கிய பையனை அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் உன் அறை வாசலில் வந்து நின்றேன். கதவு சாத்தியிருந்தது. இடுக்கு வழியாகத் தலைவலித் தைல வாசனை. நான் தட்டவில்லை.

கவிதையின் மூன்று பகுதிகளும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன: அம்மா படுக்கையறையில் இருக்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது. ஏன் என்று லார்ட் கடைசிவரை சொல்லவில்லை. 1978-ல் இது இடம்பெற்ற தொகுப்பு வந்தபோது அவருக்கு 44 வயது. வீட்டில் பதின்வயதில் இரண்டு பிள்ளைகள். கதவின் இரண்டு பக்கமும் தெரிந்தவர். அதனால்தான் அந்த அம்மாமேல் ஒரு பழிச்சொல்கூட விழவில்லை என்று நினைக்கிறேன்.

இருபது வயதில் படித்திருந்தால் உன்மேல் கோபம்தான் வந்திருக்கும். இப்போது வேறு கணக்கு ஓடுகிறது. அன்று உனக்கு 37. விடியற்காலை சமையல், இரண்டு பஸ், ஆபீஸ், திரும்பவும் இரண்டு பஸ். அப்புறம் அந்த இருட்டில் ஒரு மணி நேரம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நான் வெளியே நின்றது உள்ளே உனக்குத் தெரிந்ததா? கதவுக்கு அடியில் என் கால் நிழல் விழுந்திருக்குமே.

உன் மகள்