இடிக்குப் போட்ட சிலுவை

அன்புள்ள யூட்,

உன் கடிதம் கிடைத்தது. மன்னார் வெயில் பழகிவிட்டது என்கிறாய், நம்ப முடியவில்லை. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ, ஆனாலும் காலைப் பூசையை விடமாட்டா.

புதினம் ஒன்று: நான் வீடியோவில் வந்திருக்கிறேன்! அக்காவின் மகள் கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறாள் அல்லவா, அவளுடைய வேலை. கதையும் இல்லை, வசனமும் இல்லை. தன்னாமுனை போன்ற கத்தோலிக்க ஊரில் வளர்ந்த உடம்பு கேட்காமலே என்னென்ன செய்கிறது என்பதுதான் விஷயம். பஸ் கோயிலைக் கடக்கும்போது சிலுவை போடுவது, போட்ட கையோடு பெருவிரலை முத்தமிடுவது, வாங்கில் இருக்கமுதல் முழந்தாளை மடக்குவது. நான் பூசைக்குப் போவதை விட்டு எத்தனையோ காலம். கல்யாண மண்டபத்தில் கதிரை தேடும்போதுகூட கால் மடங்கப் பார்க்கிறது!

பின்சுவருக்கு முன்னால் என்னை நிறுத்தி, "செய்யுங்க மாமா" என்றாள். செய்தேன். போட்டுப் பார்த்தால், பெரிய வெள்ளிக்கு நாம் போட்ட திருப்பாடுகளின் காட்சிதான். நீ யூதாஸாக நின்று முழித்ததைவிட மோசம். பழக்கத்தை நடித்துக் காட்டினால் அது பழக்கம் இல்லையே.

அவள் அதற்கு விற்றோ அக்கோன்சி என்ற அமெரிக்கக் கலைஞரைப் பற்றிச் சொன்னாள். நியூயோர்க் பிரோங்ஸில் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்து, இயேசு சபையாரின் கல்லூரியில் படித்தவர். (மைக்கேல் கல்லூரியில் உன் அப்பாவுக்குப் பாடம் சொன்னதும் அமெரிக்க இயேசு சபைச் சுவாமிமார்தானே.) 1970இல் 18 அங்குல முக்காலி ஒன்றில் நிமிடத்துக்கு 30 தடவை ஏறி இறங்கியிருக்கிறார், காலைதோறும், ஏலாமல் போகும்வரை. உடம்பு களைத்தால் நடிப்பு கழன்றுவிடும் என்பது மருமகளின் கணக்கு. எனக்குச் செபமாலைதான் ஞாபகம் வந்தது. 53 அருள் நிறைந்த மரியே முடிவதற்குள் நினைப்பு வாவிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும், வாய் மட்டும் பிழையில்லாமல் ஓடும்.

சரி என்று முழந்தாளிட்டு எழும்பி, முழந்தாளிட்டு எழும்பி, களைப்புத்தான் மிச்சம். தண்ணீர் குடிக்க ஒதுங்கிய நேரம் தலைக்கு மேலே ஒரு இடி. "இயேசு மரி சூசை" என்றபடி கை நெற்றிக்குப் போனது எனக்கே தெரியாது. கமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஒரு துண்டைத்தான் அவள் வைத்துக்கொண்டாள், அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறாள்.

அக்காவுக்குக் கோபம், சமயத்தைப் பகிடி பண்ணுகிறாளாம். எனக்கு அப்படிப் படவில்லை. பகிடி என்றால் நானே விட்டிருக்க மாட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "இடி இடிச்சா சிலுவை போடாம வேற என்ன செய்யிற?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டா.

உன்னையும் வீடியோ பிடிக்க வேண்டுமாம். செப்டெம்பரில் ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்கு வருவாய்தானே, இரண்டு நாள் கூட நில். ஆனால் என்ன செய்வதென்று யோசித்து வைத்துக்கொண்டு வராதே.

அன்புடன்,
அன்ரன்