காற்று திரும்புவதற்குள்

அன்புள்ள மகளுக்கு,

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "தீவு ஆஸ்பத்திரியில் 2 வருஷ வேலை. போகலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லும்மா" என்றாய். 26 வருஷம் அதே வேலை பார்த்தவளுக்கு ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அங்கே காற்று எப்படி அடிக்கும் என்று கேட்டேன். பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாய். அந்த வேலையில் முதல் கேள்வியே அதுதான் குட்டி.

நீ பயிற்சி எடுக்கும் இடத்தில் நெஞ்சு வலியோடு ஒருவர் வந்தால் ஈசிஜி எடுப்பாய், அதில் எஸ்டி என்ற பகுதி மேலே ஏறியிருந்தால், அதாவது இதய ரத்தக்குழாய் அடைத்திருந்தால், குழாய் வழியாக இதயத்துக்குச் சிகிச்சை செய்யும் கேத் லேபுக்கு ஒரு போன். பலூன் வைத்து அடைப்பைத் திறக்க ஆள் தயார். தீவில் அந்த ஆள் கடலுக்கு அப்பால் இருக்கிறார். 120 நிமிடத்துக்குள் அங்கே கொண்டுபோய் அடைப்பைத் திறக்க முடியாது என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடு என்பது உன் பாடப்புத்தகத்தில் ஒரு வரி. எனக்கு அது பாதி வாழ்க்கை. டெனெக்டிபிளேஸ் என்பது அந்த ஊசி மருந்து, எடைக்கு ஏற்ற அளவு, ஏற்றி முடிக்க 10 நொடிகூட ஆகாது. ஆனால் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு மூளைக்குள் ரத்தம் கசியும். தீவில் அந்த ஒருவர் யாராக இருந்தாலும் உனக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். உன் பள்ளி வேன் ஓட்டினாரே, அவருக்கு நான் அதைப் போட்டேன். ஆபத்தை எல்லாம் விளக்கிக் கையெழுத்து வாங்கும்போது, "பாப்பா பரீட்சை எப்படி எழுதியிருக்கு டாக்டரம்மா?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்த ஈசிஜியில் அந்த எஸ்டி ஏற்றம் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது, அடைப்பு திறந்ததற்கு அடையாளம். அதற்குப் பிறகுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இது நல்லபடியாக முடிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம். படகு பழுதுபார்க்கும் ஒருவர் சாயங்காலம் வயிற்று வலி என்று வந்தார். வயிறு மென்மையாகத்தான் இருந்தது, நாடித்துடிப்பு கொஞ்சம் கூட, காய்ச்சல் இல்லை. ஸ்கேன் வசதி கிடையாது. அனுப்பலாமா என்று யோசித்தேன். அதற்கு ஹெலிகாப்டர் கூப்பிட வேண்டும், அங்கே போய் ஒன்றுமில்லை என்றால் "இதற்கா அனுப்பினீர்கள்?" என்ற குரலைக் கேட்க வேண்டும். புது டாக்டருக்கு அந்தக் குரல் மேல் எத்தனை பயம் தெரியுமா? காலையில் பார்க்கலாம் என்றேன். நடு இரவில் காற்று திரும்பிவிட்டது, மேகம் இறங்கிவிட்டது. காலை 3 மணிக்கு அவர் வயிறு பலகை மாதிரி இருந்தது. படகும் இல்லை, பைலட்டும் ஏற மாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம். டிரிப், ஆன்டிபயாடிக், வலிக்கு மருந்து, மூக்கு வழியாகக் குழாய், போனில் அந்தப் பக்கத்து சர்ஜனின் குரல். 31 மணி நேரம் வைத்திருந்தேன். அனுப்பும்போது உயிர் இருந்தது. அறுவை சிகிச்சை மேஜையில் போய்விட்டார்.

அது முடிந்து 10 நாள் இருக்கும். அவர் மனைவி காய்ச்சலோடு என்னிடம்தான் வந்தார். வேறு யாரிடம் போவார்? நகரத்து டாக்டருக்கு இந்தத் தண்டனை கிடையாது. நான் அவரிடம் மன்னிப்பு கேட்டேன். அவர், "எனக்கு மாத்திரை எழுதுங்கள்" என்றார். கோபமா, மன்னிப்பா, சோர்வா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் பிறகு 20 வருஷத்துக்கு மேல் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். அந்த ராத்திரியைப் பற்றி இரண்டு பேரும் பேசியதே இல்லை.

அப்போதிருந்து, ரத்தப் பரிசோதனை எழுதுவதற்கு முன்னால் வானிலை கேட்பது வழக்கமாகிவிட்டது. நோயாளி எப்படி இருக்கிறார் என்று மட்டும் பார்த்தால் போதாது. 6 மணி நேரம் கழித்து எப்படி இருப்பார், அப்போது வழி திறந்திருக்குமா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருக்கும்போதே அனுப்பிவிடு. உறுதியாகத் தெரிந்த பிறகு அனுப்பப் பெரும்பாலும் வழி இருக்காது. நான் அனுப்பியவர்களில் பலர் மறுநாளே சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதில் எனக்கு வெட்கமே இல்லை.

அனுப்புவதற்கு என்று ஒரு தனிக் கணக்கு உண்டு. 680 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டரை நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று திறந்தால் 45 நிமிடம்தான் வரும். படகில் 2 மணி நேரம் என்றால் 3 போதும் என்று தோன்றும். நான் 5 ஏற்றுவேன். நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருப்பவரை விமானத்தில் ஏற்றுமுன் குழாய் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் 2,400 மீட்டர் உயரத்துக் காற்றழுத்தத்தில் அந்தக் காற்று மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து, உடம்புக்குள் வாயுக் குமிழி கட்டிக் கால் மரத்துப்போன முக்குளிப்பவரா? ஆக்சிஜனைப் போட்டுப் படுக்க வை, பைலட்டிடம் 300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டாம் என்று கெஞ்சு. ரத்தப் பைகள் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை: எப்போதும் குறைவு, 6 வாரத்துக்கு மேல் தாங்காது. பிரசவத்தில் ரத்தம் கொட்டும்போது ரத்தப்போக்கை அடக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட்டை 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 20,000 பெண்களிடம் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்த பிறகுதான் அதை ஒரு தயக்கமும் இல்லாமல் கையில் எடுத்தேன்.

நீ ஏடிஎல்எஸ், அதாவது விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதலில் எதைச் செய்வது என்று கற்றுத்தரும் பயிற்சி, முடித்த அன்று பெருமையாகப் போன் செய்தாயே, அது எங்கே பிறந்தது என்று உனக்குச் சொன்னார்களா? 1976-இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு டாக்டர் ஓட்டிவந்த சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். அடிபட்ட பிள்ளைகளோடு கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், அங்கே பார்த்த சிகிச்சையைத் தாங்க முடியாமல் கூட்டாளிகளோடு சேர்ந்து தொடங்கியதுதான் அது. முதல் வகுப்பு 1978-இல். இன்று நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் மார்தட்டிக்கொள்ளும் ஒழுங்குமுறை எங்களைப் போன்ற கிராமத்து ஆட்களுக்காகத்தான் முதலில் எழுதப்பட்டது. இதை யார் கிடைத்தாலும் சொல்லிக்கொண்டே இருப்பேன், உனக்கும் அலுத்திருக்கும்.

சரி, உன் கை விஷயம். 7 வயதில் படகுத்துறைச் சுவரிலிருந்து விழுந்து முன்கை எலும்பு இரண்டும் மடங்கிக் கிடந்தது. விரல்கள் வெளுத்து, நாடி சரியாகக் கிடைக்கவில்லை, காத்திருக்க முடியாது. மயக்கம் தருபவர் ஒருவர், எலும்பை இழுப்பவர் வேறொருவர் என்பது விதி. சொந்தப் பிள்ளைக்குச் செய்யக்கூடாது என்பது அதைவிடப் பழைய விதி. அன்று இருந்தது நானும் ஒரு நர்ஸும். கெட்டமின் என்ற மயக்க மருந்து போட்டேன். கண்ணைத் திறந்தபடியே இருந்தாய், கருவிழி பக்கவாட்டில் துள்ளிக்கொண்டிருந்தது, என்னைப் பார்க்கவே இல்லை. அந்த மருந்தில் அப்படித்தான் இருக்கும் என்று எத்தனையோ தாய்மார்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். நர்ஸ் உன் மூச்சைக் கவனித்துக்கொண்டார், நான் இழுத்தேன், விரல் சிவந்தது. மாவுக்கட்டுப் போட்டுவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தேன். உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

நீ போ. ஆனால் இரவில் இரண்டாவது டாக்டர் இல்லாத இடம் என்றால் கையெழுத்துப் போடாதே, இதில் நான் பிடிவாதம்தான். ஒரு மாதத்தில் எத்தனை நாள் தீவை விட்டு வெளியே போகலாம் என்று எழுத்தில் வாங்கு. அந்தப் பக்கம் போனை எடுப்பவர் யார், ராத்திரி 2 மணிக்கு எடுப்பாரா என்று கேள். சம்பளத்தைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

போவதாக இருந்தால் என் பழைய நோட்டை அனுப்பிவைக்கிறேன். சிலிண்டர் கணக்கு, எடைக்கு எடை மருந்து அளவு, எந்த மாதம் எந்தப் பக்கத்துக் காற்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. பின்பக்கம் 10, 15 தாளில் நீ வரைந்த படகுகள். ட்யூட்டி அறையில் எனக்காகக் காத்திருந்தபோது கிறுக்கியவை, கிழித்துவிடாதே.

அம்மா