தலையும் காலும் இல்லாத 4கே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய படங்கள் மறுபடியும் திரையரங்குக்கு வருவது பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. 2012-ல் 'கர்ணன்' 100 நாளைத் தாண்டி ஓடியதிலிருந்து 2024-ல் 'கில்லி'க்குக் கூடிய கூட்டம் வரை எல்லாம் சந்தோஷமான சேதிதான். ஆனால் செய்தி வசூலோடு நின்றுவிடுகிறது. போஸ்டரில் 'டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டது', '4கே' (அகலத்தில் சுமார் நாலாயிரம் பிக்சல்) என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, எதிலிருந்து எடுத்து என்ன செய்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

முதல் கோளாறு ஃபிரேமில். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத் திரை) படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படங்கள் உயரம் 1 என்றால் அகலம் 1.37 என்ற, கிட்டத்தட்டச் சதுரமான திரைக்காக எடுக்கப்பட்டவை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் சாதா 35 எம்.எம்.மில் நிறையப் படங்கள் வந்தன. இன்றைய அரங்கத் திரையோ 1.85 அல்லது 2.39. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் 'படம் சின்னதா இருக்கு' என்று ரசிகர் குறைப்படுவார் என்ற பயத்தில், படத்தை அகலத்துக்குப் பொருத்திவிட்டு மேலும் கீழும் நறுக்கிவிடுகிறார்கள். 1.37-ஐ 2.39 ஆக்கினால் உயரத்தில் 43 சதவீதம் போய்விடும். 1.85 ஆக்கினால் 26 சதவீதம். வீட்டு டிவிக்கு நறுக்கினாலும் 23 சதவீதம். ஃபிலிமை முழுதாக 4கேயில் ஸ்கேன் செய்துவிட்டு ஏறக்குறைய பாதியைக் குப்பையில் போடுவதற்குப் பெயர் புதுப்பித்தலாம்!

இது ஏதோ ஓரத்தில் இருக்கும் விட்டம் சுவர் சமாச்சாரம் அல்ல. 1958-ல் ஜெமினி எடுத்த 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் பத்மினிக்கும் வைஜயந்திமாலாவுக்கும் நடக்கும் நடனப் போட்டியை நினைத்துப் பாருங்கள். நடனத்தை உச்சி முதல் பாதம் வரை ஒரே ஃபிரேமில் அடக்கிக் காட்ட அந்தக் காலத்து ஒளிப்பதிவாளருக்கு அந்த உயரம் வேண்டியிருந்தது. 2.39-க்கு வெட்டினால் முகத்தை வைத்துக்கொண்டு பாதத்தை விட வேண்டும், அல்லது இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் விட வேண்டும். ஜதி காதில் விழும், கால் கண்ணில் படாது. அப்புறம் எதைப் பார்த்து 'சபாஷ், சரியான போட்டி' என்பது?

வெட்ட மனமில்லாத சிலர் இழுத்துவிடுகிறார்கள். 1.37-ஐ 2.39-க்கு இழுத்தால் அகலம் 74 சதவீதம் கூடும். கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கதாநாயகியின் நெற்றிப் பொட்டையும் தேர்ச் சக்கரத்தையும் பாருங்கள். முட்டை வடிவில் இருந்தால் இழுத்திருக்கிறார்கள்.

சரியான வழி செலவில்லாதது. திரையரங்குக்குப் போகும் டிஜிட்டல் பிரதியில் 2கே (4கேயில் பாதி அகலம்) அளவில் இரண்டு சட்டகங்கள் உண்டு: 'ஃபிளாட்' 1998 × 1080 பிக்சல், 'ஸ்கோப்' 2048 × 858. பழைய படத்தை ஃபிளாட்டின் நடுவில் 1480 × 1080 அளவில் வைத்து, இரு பக்கமும் கறுப்பாக விட்டால் ஒரு நூல்கூடப் போகாது. அதையே ஸ்கோப் சட்டகத்துக்குள் வைத்தால் 1176 × 858-தான் கிடைக்கும், பிக்சலில் 37 சதவீதம் நஷ்டம். பிரதி சரியாக இருந்தும் அரங்கில் கெடுவதுண்டு. முந்தைய காட்சியின் ஸ்கோப் அமைப்பையே ஆபரேட்டர் மாற்றாமல் விட்டால் படம் திரைக்கு மேலும் கீழும் வழிந்து, தலை கூரைக்குப் போகும். ஃபிளாட் அமைப்புக்கு மாற்றி, பக்கத்துக் கறுப்புத் திரைச்சீலையையும் இழுத்துவிட்டால் போதும்.

அடுத்தது மூலம். '4கே' என்பது ஸ்கேனரின் அளவு, அல்லது கடைசியில் வெளியிடும் கோப்பின் அளவு. படத்தில் அத்தனை விவரம் இருக்கிறதா என்பது எதை ஸ்கேன் செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. கேமராவில் ஓடிய அசல் நெகட்டிவ் முதல் தரம். அதிலிருந்து எடுத்த டூப் நெகட்டிவ் இரண்டாம் தரம். ஊர் ஊராக ஓடிய பிரிண்ட் அதற்கும் கீழே. தொலைக்காட்சிக்காக முன்பு டேப்பில் ஏற்றிவைத்த 720 × 576 பிரதியைக் கணினியில் ஊதிப் பெரிதாக்கி 4கே என்று விற்பது கடைசி ரகம். அதில் இல்லாத கண்ணிமையை மென்பொருள் தானாக வரைந்துவைக்கும்.

இருக்கையில் உட்கார்ந்தபடியே மூலத்தை ஓரளவு ஊகிக்கலாம். பழைய ரீல் ஆயிரம் அடி. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், ஆக ஒரு ரீல் 11 நிமிடம். அந்தக் காலத்து அரங்கில் பெரும்பாலும் இரண்டிரண்டு ரீலாகச் சேர்த்து ஓட்டுவார்கள். ரீல் முடியப்போகும்போது வலது மேல் மூலையில் ஒரு புள்ளி சட்டென்று வரும், ஏழெட்டு நொடி கழித்து இன்னொன்று. அடுத்த புரொஜக்டருக்கு மாற ஆபரேட்டருக்கான அடையாளம் அது. அந்தப் புள்ளி தெரிந்தால் மூலம் பெரும்பாலும் தியேட்டரில் ஓடிய பிரிண்ட். தூசியும் சாட்சி சொல்லும். நெகட்டிவில் ஒட்டிய தூசி திரையில் வெள்ளையாகத் தெரியும், பிரிண்டில் ஒட்டியது கறுப்பாக. படம் முழுக்கக் கறுப்புப் பொட்டு மிதந்தால் நெகட்டிவ் கையில் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்ணப் படம் என்றால் சாயத்தையும் பார்க்க வேண்டும். ஈஸ்ட்மென் கலரின் பழைய பிரிண்ட் ஃபிலிமில், டப்பாவுக்குள் இருட்டில் கிடந்தாலும் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் கரையும். மிஞ்சுவது ரோஸ் நிறம். நிறம் எளிதில் மங்காத பிரிண்ட் ஃபிலிமை கோடாக் 1980-களின் தொடக்கத்தில்தான் கொண்டுவந்தது. கரைந்த சாயம் லேசாக மிச்சமிருந்தால் கணினியில் தூக்கிவிடலாம். அடியோடு போயிருந்தால் பச்சைப் புடவையும் நீல வானமும் நிறத்தைச் சரிசெய்யும் இன்றைய கலரிஸ்ட்டின் யூகம்தான். யூகிப்பது குற்றமில்லை, யூகம் என்று சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைக்கு வேறு ஆபத்து. 1954-ல் வந்த, பாட்டே இல்லாத 'அந்த நாள்' நிழலை நம்பி எடுக்கப்பட்ட படம். 'பளிச்'சென்று இருக்கட்டும் என்று வெளிச்சத்தை ஏற்றினால் சுவரில் விழுந்த நிழல் சாம்பல் நிறமாகிவிடும். இயக்குநர் எஸ்.பாலசந்தர் ஒளித்துவைத்ததை நாம் டார்ச் அடித்துக் காட்டியது போல ஆகும்.

சுத்தம் செய்வதில்தான் பணமும் பொறுமையும் தேவைப்படுகிறது, ஏமாற்றும் அங்கேதான் அதிகம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2,16,000 ஃபிரேம். ஃபிரேமுக்கு ஒரு நிமிடம் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் 3,600 மணி நேரம். பத்துப் பேர் தினம் எட்டு மணி நேரம் செய்தால் 45 நாள். அதற்குப் பதில் தானியங்கி மென்பொருளில் விட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். முன் ஃபிரேமிலும் பின் ஃபிரேமிலும் இல்லாமல் நடுவில் ஒன்றில் மட்டும் தெரிவது எதுவோ, அதைக் குப்பை என்று மென்பொருள் முடிவு செய்யும். மழைத்துளி, வாள் மோதும் தீப்பொறி, வில்லிலிருந்து கிளம்பிய அம்பு, மூக்குத்தியின் மினுக்கு எல்லாமே அதன் கணக்கில் குப்பை. புராணப் படத்தில் அம்பு நடுவானில் மறைந்து எதிரியின் மார்பில் மட்டும் தைத்து நின்றால், அது அஸ்திர மகிமை அல்ல. அடுத்து ஃபிலிமின் மணியை, அதாவது கிரெய்னை, வழித்தெடுப்பது. படமே அந்த மணிகளால் ஆனதுதான். அதை வழித்தால் தோலின் துளை, புடவையின் நெசவு எல்லாம் சேர்ந்து போய், முகம் மெழுகுப் பொம்மை மாதிரி வழுவழுப்பாகும். முறையாகச் செய்பவர்கள் ஸ்கேன் செய்வதற்கு முன்பே பாதி வேலையை முடிக்கிறார்கள். ஃபிலிமின் ஓரத்தில் கிழிந்த பல்துளைகளை ஒட்டி, கரைப்பானில் கழுவி, திரவத்துக்குள் ஃபிலிம் ஓடும் 'வெட் கேட்' முறையில் ஸ்கேன் செய்தால் ஃபிலிமின் பின்புறக் கீறலைத் திரவமே நிரப்பி மறைத்துவிடும்.

ஒலியில் நடக்கும் அத்துமீறல் கண்ணுக்குத் தெரியாததால் தப்பித்துக்கொள்கிறது. ஃபிலிமின் ஓரத்தில் ஒலி பதிந்த பழைய ஒளித்தடத்தில் எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. இரைச்சலை அடக்குகிறேன் என்று அதையும் வடிகட்டினால் முதலில் சாவது ச, ஸ, ஷ எழுத்துகள், அப்புறம் சலங்கையும் ஜால்ராவும். 'தில்லானா மோகனாம்பா'ளில் சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரத்தில் சீவாளியின் கரகரப்பைக் கழித்துவிட்டால் மிச்சம் கீபோர்டு சத்தம்தான். மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி, நடு ஸ்பீக்கரில் மட்டும் வரட்டும். சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்து ஒலிக்கும் 5.1 ஆக்குகிறேன் என்று குதிரைக் குளம்பையும் இடியையும் புதிதாகச் சேர்த்துப் பின்னால் உருட்டுவது புதுப்பித்தல் அல்ல, ஒட்டுப்போடுவது. தொலைக்காட்சி டேப்பிலிருந்து எடுத்தால் இன்னொரு சங்கடம். 24 ஃபிரேம் அங்கே 25 ஆக ஓடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். டி.எம்.எஸ். குரல் கொஞ்சம் இளைத்தது போலக் கேட்டால் குற்றம் அவர் மேல் இல்லை.

நீளத்தைச் சரிபார்க்கவும் எளிய வழி உண்டு. படத்தின் ஆரம்பத்தில் பழைய தணிக்கைச் சான்றிதழ் வந்தால் அதில் நீளம் இருக்கும். அடியில் இருந்தால் 90-ஆலும், மீட்டரில் இருந்தால் 27.4-ஆலும் வகுத்தால் நிமிடக் கணக்கு வந்துவிடும். 4,115 மீட்டர் என்றால் 150 நிமிடம். அரங்கில் 132 நிமிடத்தில் விளக்கு எரிந்தால், ஒரு பாட்டும் ஒரு நகைச்சுவைக் காட்சியும் எங்கேயோ போயிருக்கின்றன.

இவ்வளவும் ஃபிலிம் மிஞ்சிய படங்களின் கதை. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான, தமிழின் முதல் பேசும்படமான 'காளிதா'ஸுக்குப் பிரதியே இல்லை. அசிட்டேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலம் விடும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை. 21 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தாலே புது ஃபிலிமில் அந்தச் சிதைவு தொடங்கச் சுமார் 40 ஆண்டுதான். சென்னையில் ஏசி இல்லாத கிடங்கில் எத்தனை ஆண்டு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவில் தொடங்கினால் அந்த ஆவி பக்கத்து டப்பாவையும் கெடுக்கும், உடனே பிரித்து வைக்க வேண்டும். சிதையும் ஃபிலிம் ஒரு சதவீதம் சுருங்கினாலே சாதாரண புரொஜக்டரின் பல்லில் துளை உட்காராது.

'இப்போதைய படங்கள் டிஜிட்டல், அவற்றுக்கு என்ன ஆபத்து?' என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு படத்தை முழு 4கே ஸ்கேனாக வைத்தால் ஃபிரேமுக்கு 51 எம்.பி., மொத்தம் 11 டெராபைட். அதை அலமாரியில் ஹார்டு டிஸ்க்காகப் போட்டுவைத்தால் பத்து வருடம் கழித்துச் சுழலும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கணினிக் கோப்பைச் சேமிக்கும் எல்.டி.ஓ. என்ற காந்த டேப் நல்லது, ஆனால் எட்டாம் தலைமுறைக் கருவி ஆறாம் தலைமுறை டேப்பைப் படிக்காது. ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை புதிய டேப்புக்கு மாற்ற வேண்டும். திரையரங்குக்குப் போன பிரதி மட்டும் கையில் இருந்தால் அது பெரும்பாலும் பூட்டிய கோப்பு, அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவியின் தேதி முடிந்ததும் திறக்காது. பூட்டாத மூலக் கோப்புக்கு மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில் என்பது தயாரிப்பாளருக்குக் குறைந்தபட்சக் காப்பு. 2010-ல் டிஜிட்டலில் எடுத்த படம் 1950-ல் எடுத்த படத்துக்கு முன்பே காணாமல் போகக்கூடும்.

எனவே தங்களிடம் ஒரு கோரிக்கை. மறுவெளியீட்டுப் படத்துக்கு விமர்சனம் எழுதும்போது, நட்சத்திர மதிப்பெண்ணுக்குக் கீழே நான்கு வரி சேருங்கள்: எதிலிருந்து ஸ்கேன் செய்தது, ஃபிரேம் அசல் அளவா வெட்டியதா, ஒலி அசல் மோனோவா புதுக் கலவையா, ஓடும் நேரம் அசலுக்குச் சமமா. விநியோகஸ்தரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் தகவல்தான். பதில் சொல்ல மறுத்தால் 'தகவல் தரவில்லை' என்றே அச்சிடுங்கள். டிக்கெட் எடுக்கலாமா என்பதை ரசிகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு சினிமா ரசிகன்,
கோடம்பாக்கம், சென்னை – 24