மலை இசைக்கு ஓர் இரவு ஒதுக்குங்கள்

மூக்கையூர் முதல் தொண்டி வரையுள்ள கடலோர ஊர்களின் திருவிழாக் குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். தலைக்கட்டு வரி பிரித்து, பந்தல்காரரையும் மைக் செட்காரரையும் பேசி முடித்து, கொடியேற்றம் முதல் கொடியிறக்கம் வரை தூக்கமில்லாமல் உழைப்பவர்கள் நீங்கள். அந்த உழைப்பின் அருமை தெரிந்துதான் இதை எழுதுகிறேன். நீலகிரி மலையிலிருந்து வரும் இசைக்குழுக்களை நாம் நடத்தும் விதம் மாற வேண்டும்.

நம் கரையோர ஊர் ஒன்றின் விழாவுக்கு அப்படி ஒரு குழு வந்திருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஊர்வலத்தில் சீரியல் விளக்கு வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே அவர்களை நடக்கவிட்டார்கள். கன்னம் உப்ப ஒருவர் ஊதிக்கொண்டே போனார். பக்கத்தில் நடந்த எனக்கே அந்தக் குழலோசை சரியாகக் கேட்கவில்லை. இன்னிசைக் கச்சேரிக்காரர்கள் மைக்கைச் சரிபார்த்து முடிக்கும்வரைதான் மேடையில் அவர்களுக்கு இடம். அதற்குள்ளும் சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லித் துண்டுச்சீட்டு போனது.

அன்று மாலை நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. கடற்காற்றின் ஈரத்தில் தப்பட்டையின் தோல் தொய்ந்துபோயிருந்தது. வாசிப்பவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அமுங்கிய தோல் சோம்பலாக எழுந்தது. நெருப்பு மூட்ட ஓர் இடம் கேட்டார். பந்தல் துணி பற்றிக்கொள்ளும் என்று மறுத்துவிட்டார்கள். கடைசியில் டீக்கடை விறகடுப்பின் ஓரம் குந்தி, தப்பட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரல் முனையால் சுண்டிச் சுண்டிக் கேட்டு ஒலியை ஏற்றினார். கடைக்காரர் பால் பாத்திரத்தை இறக்கிவைத்து இடம் கொடுத்தார். நம் ஊர்ப் பறைக்காரர்கள் பனையோலையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நமக்கு அந்தத் தேவை புரியாமல் போனது எப்படி?

அந்த மலை இசைக்காரர்களான கோத்தர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழும் மிகச் சிறிய பழங்குடி அவர்கள். இரும்பு வேலை, தச்சு, மண்பாண்டம் எல்லாம் அவர்களுடைய பரம்பரைக் கைத்தொழில். அதே மலையில் வாழும் தோடர், படகர் வீட்டு இழவுகளுக்கு அவர்கள்தான் வாசித்தார்கள். 1930களில் படகரிடையே எழுந்த சீர்திருத்த இயக்கம் அந்த இசை வேண்டாம் என்றது. பிறருக்கு வாசிப்பதைத் தாழ்வாக எண்ணும் உலகத்தின் பார்வை கோத்தருக்கும் உறைத்தது. அந்த வழக்கம் படிப்படியாகத் தேய்ந்தது. அழைக்க ஆளில்லாவிட்டால் இசை அழிந்துவிடும் என்றுதான் நினைப்போம். அழியவில்லை. தங்கள் தெய்வத்துக்கும் தங்கள் சாவுக்கும் தங்கள் ஆட்டத்துக்கும் வாசித்தே அதைக் காத்து வருகிறார்கள்.

‘கொள்’ என்ற அவர்களுடைய குழலைச் சீவாளி வைத்து ஊதுவார்கள். மூக்கால் காற்றை இழுக்கும்போதே கன்னத்தில் தேக்கிய காற்றால் ஒலி அறாமல் தாங்க வேண்டும். கூடவே வளைந்த கொம்பு, தப்பட்டை, இரு பக்கமும் தோல் போர்த்த மேளங்கள். ஆட்டம் வட்டமாகச் சுழலும். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. அதைக் கொண்டுபோய் மூன்று பக்கம் அடைத்த மேடையில் வரிசையாக நிறுத்தினால் ஆடுகிறவர்களுக்கும் கூச்சம், பார்ப்பவர்களுக்கும் சலிப்பு. நம் பெண்கள் முளைப்பாரியை நடுவில் வைத்துக் கும்மி கொட்டும்போது யாராவது மேடை போடுகிறோமா? ஊரே சுற்றி நிற்கிறது. அதே திடலை மலைக்காரர்களுக்கும் கொடுங்கள்.

தெய்வத்துக்கு உரிய மெட்டுகளும் இழவுக்கு உரிய மெட்டுகளும் கோத்தரிடம் தனித்தனி. ஆட்டத்துக்கான மெட்டுகள் வேறு. எதை வெளியில் வாசிக்கலாம் என்பதை அவர்களே சொல்லட்டும்; ‘அதையும் வாசியுங்கள்’ என்று வற்புறுத்தாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் அவர்களுடைய தெய்வத் திருவிழா வரும். அந்தச் சமயம் அழைக்கவும் வேண்டாம்.

அவர்களை அழைக்க ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம் என்பது என் யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடலுக்குப் போகிற ஆண்கள் ஊரில் இருப்பார்கள். கையில் காசு குறைவான காலம் என்பது எனக்கும் தெரியும். ஒவ்வோர் ஊரும் தனித்தனியாகச் செலவு செய்ய வேண்டாம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் மூன்று நான்கு சேர்ந்தால் பாரம் குறையும். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குக் கொடுக்கும் முன்பணத்தை ஒரே ஓர் ஆண்டு இதற்குக் கொடுத்துப் பாருங்கள்.

‘இதையெல்லாம் யார் உட்கார்ந்து கேட்பார்கள்’ என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அட்டப்பாடியின் இருளப் பாடகி நஞ்சியம்மா ஆடு மாடு மேய்த்தவர். 2022இல் அறிவித்த தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியானார். முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கா விருது என்று கேட்டவர்களும் உண்டு. அவரோ படத்தில் பாடுவதற்கு முன்பே தம் ஊர்க் கலைக்குழுவோடு பாடி வந்தவர். விருது கிடைத்த பிறகு கேட்பதற்கு எல்லோரும் வருவார்கள். அதற்கு முன்பே கேட்ட ஊர் என்ற பெயர் நம் கரைக்குக் கிடைக்கட்டும்.

அந்த இரவில் நம் பங்கும் இருக்க வேண்டும். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அம்பா இன்று எத்தனை இளைஞருக்குத் தெரியும்? இயந்திரம் இழுக்கிற வலைக்குப் பாட்டு தேவைப்படவில்லை. வேலை போனதும் பாட்டும் நாவிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. அம்பா தெரிந்த பெரியவர்களை அதே திடலில் பாடவையுங்கள். வேலைக்கென்று இருந்த இசையை, அந்த வேலை நின்ற பிறகும் கைவிடாத கோத்தர்களின் முன்னால் நம் பிள்ளைகள் அம்பாவைக் கேட்கட்டும். எனக்குள்ள பெரிய ஆசை இதுதான்.

கூலியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். மலையிறங்கி நம் கரைக்கு வந்து சேர ஒரு நாள் போய்விடும். திரும்ப இன்னொரு நாள். அந்த நாட்களின் வேலை இழப்பையும் சேர்த்துத் தொகை பேசுங்கள். ‘வசூல் முடியட்டும்’ என்று காத்திருக்க வைக்காமல், வாசித்து முடித்த இரவிலேயே கையில் கொடுங்கள். வெக்கைக்குப் பழகாதவர்கள், காற்றோட்டமான இடத்தில் தங்கவையுங்கள். திடலோரம் நெருப்புக்கு ஓர் இடமும், காய்ந்த பனையோலை நான்கு கட்டும் போதும்.

அடுத்த கூட்டத்தில் வரவு செலவு வாசித்த பிறகு இந்த மடலையும் வாசியுங்கள். பனையோலைக் கட்டுகள் என் பொறுப்பு.

தங்கள் அன்புள்ள,
மண்டபம் கரையிலிருந்து ஒரு வரிதாரர்